ஒரே வேளைதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை ஏறுகிறது

கேள்வி: எனக்கு 44 வயது. 18 வருடமாக நெடுந்தூர லாரி ஓட்டுகிறேன். உயரம் 172 செ.மீ., எடை 105 கிலோ. இந்த வேலைக்கு வந்தபோது 78 கிலோதான் இருந்தேன். ஒரு டிரிப் கிளம்பினால் வீடு திரும்ப மூன்று வாரம் ஆகும். தினமும் பத்துப் பதினோரு மணி நேரம் ஸ்டியரிங்கில்தான். பகலில் ஏழு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட், இரண்டு பாட்டில் கூல் டிரிங்ஸ், அவ்வளவுதான். ராத்திரி வண்டியை நிறுத்திய பிறகு ஒரே வேளைச் சாப்பாடு. ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போகிறது. போன வருடம் அந்த ஒரு வேளையையும் பாதியாக்கி ஒரு மாதத்தில் 6 கிலோ குறைத்தேன். அடுத்த மூன்று மாதத்தில் 8 கிலோ ஏறிவிட்டது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1, இது எல்லைக்கோடு என்றார் டாக்டர். குறட்டையால் மனைவி பக்கத்து அறைக்குப் போய்விட்டார். உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை. வேலையை விடாமல் எடை குறைக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. வேலையை விட வேண்டாம். ஜிம்மில் சேர வேண்டாம். இன்னொரு முறை பட்டினி கிடக்கவே வேண்டாம். உங்களிடம் மன உறுதி குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதம் அரை வயிற்றோடு லாரி ஓட்டியவரிடம் இல்லாத மன உறுதியா? அந்த உறுதியைச் செலவழித்த இடம்தான் தப்பு.

முதலில் "ஒரே வேளை" என்கிறீர்களே, அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 14 ஸ்பூன், கிட்டத்தட்ட 60 கிராம். அது 240 கலோரி. 100 கிராம் பிஸ்கட் பாக்கெட் 450 முதல் 500 கலோரி. அரை லிட்டர் கூல் டிரிங்ஸ் ஒன்றில் ஏறக்குறைய 53 கிராம் சர்க்கரை, 210 கலோரி. இரண்டு பாட்டிலுக்கு 420. மொத்தம் 1,100-ஐத் தாண்டுகிறது. டீயில் ஊற்றும் பாலை இன்னும் சேர்க்கவே இல்லை. உங்கள் வயது, உயரம், எடைக்கு, உட்கார்ந்தே செய்யும் வேலையில், ஒரு நாளைக்கு உடல் செலவழிப்பது சுமார் 2,400 கலோரி. ஆக, சாப்பாடு என்றே நீங்கள் எண்ணாதவை உங்கள் தேவையில் பாதியை நிரப்பிவிடுகின்றன. அவற்றில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, நார்ச்சத்து இல்லை, வயிறும் நிறைவதில்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போதெல்லாம் மறுபடி ஏதாவது வாயில் போடத் தோன்றும். ராத்திரி பத்து மணிக்கு வண்டியை விட்டு இறங்கும்போது பகல் முழுவதும் தள்ளிப்போட்ட பசி மொத்தமாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் யாராலும் அளவாகச் சாப்பிட முடியாது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் படுக்கிறீர்கள். நெஞ்செரிச்சல், புரளல், அரைகுறைத் தூக்கம். மறுநாள் அந்தத் தூக்கக் குறையைச் சமாளிக்க மறுபடி ஏழு டீ. எடை ஏறுவது இந்தச் சுற்றில்தான். இதை உடைக்க வேண்டிய இடம் காலை. ராத்திரியில் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் இது உடையாது.

போன வருடம் குறைந்த 6 கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கும்போது உடல் முதலில் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழிக்கும். அந்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். எனவே முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு கிலோ வரை தண்ணீர். புரதம் போதாததால் தசையும் கொஞ்சம் போயிருக்கும். மீதிதான் கொழுப்பு. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் தண்ணீர் நான்கே நாளில் திரும்பிவிட்டது. கொழுப்பு பின்னாலேயே வந்தது.

இந்த முறை இலக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,900 கலோரி. தினமும் 500 குறைத்தால் வாரத்துக்கு 3,500. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால் வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, மாதத்துக்கு இரண்டு கிலோ இறங்கும். மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் முதல் 5 கிலோ, அதாவது உங்கள் எடையில் ஐந்து சதவீதம் இறங்கினாலே சர்க்கரையிலும் பிரஷரிலும் மாற்றம் தெரியும். அதற்கு மூன்று மாதம் போதும். 78 கிலோவைப் பற்றி இப்போது நினைக்காதீர்கள்.

சாப்பாட்டை நாளின் முன்பக்கத்துக்கு நகர்த்துங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், வண்டி கிளம்புவதற்கு முன், இரண்டு முட்டை, முழுதானிய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு கிண்ணம் தயிர், ஒரு பழம். இது 550 கலோரிக்குள் அடங்கும். புரதம் 25 கிராமுக்கு மேல் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர் அதற்குப் பதிலாக வேகவைத்த பயறு ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளலாம். மதியம்தான் நாளின் பெரிய சாப்பாடு: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு கோழியோ மீனோ பருப்போ, கால் பங்கு சோறோ ரொட்டியோ. கையை வைத்து அளக்கலாம். இறைச்சி உள்ளங்கை அளவும் கனமும், சோறு இரண்டு கைப்பிடி. இது 700 கலோரி. சாயங்காலம் நான்கு ஐந்து மணிக்கு 30 கிராம் வேர்க்கடலை அல்லது 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலை, கூடவே ஒரு பழம், 250. ராத்திரி 400 கலோரிக்குள் லேசான உணவு: காய்கறி சூப், ஒரு கைப்பிடி சோறு, தயிர் அல்லது முட்டை.

இவற்றில் சாயங்காலச் சிற்றுணவைத்தான் எல்லோரும் முதலில் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து அதை விடாதீர்கள். ராத்திரி தட்டின் அளவை முடிவு செய்வது அதுதான். ஐந்து மணிக்கு 250 கலோரி சாப்பிட்டவர் பத்து மணிக்கு 400-உடன் எழுந்துவிடுவார். அதைத் தவிர்த்தவரிடம் 1,200-ல் நிறுத்தச் சொல்வதுகூடக் கஷ்டம்.

புரதம் நாளொன்றுக்கு 100 கிராம் வரை வர வேண்டும். எடை குறையும்போது தசை போகாமல் காப்பது அதுவும் கொஞ்சம் பயிற்சியும்தான். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கோழி நெஞ்சுப்பகுதி 100 கிராமில் சுமார் 30, வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9. மதியத் தட்டில் கோழியோ மீனோ இருந்தால் இந்தக் கணக்குச் சுலபமாகச் சேரும். சைவம் என்றால் பயறு, தயிர், சோயா என்று ஒவ்வொரு வேளையும் கவனித்துச் சேர்க்க வேண்டும்.

டீயை நிறுத்த வேண்டாம், சர்க்கரையை இறக்குங்கள். இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்று, பத்து நாள் கழித்து அரை, அப்புறம் சும்மா. நாக்கு பழகிவிடும், ஒரே நாளில் நிறுத்தினால்தான் பழகாது. கூல் டிரிங்ஸ் மட்டும் இன்றைக்கே நிற்க வேண்டும். ஆரம்பத்தில் கை பழக்கத்துக்குச் சர்க்கரை இல்லாத வகையைக் குடித்தாலும் பரவாயில்லை. பழச்சாறு நல்லது என்று அதற்கு மாறாதீர்கள். ஒரு பாட்டில் பழச்சாற்றில் உள்ள சர்க்கரை கூல் டிரிங்ஸுக்குக் கிட்டத்தட்ட சமம்.

இனி, ஓட்டுநர்களிடம் அதிகம் இருக்கும் ஒரு பழக்கம்: தூக்கம் வராமலிருக்கக் கொறிப்பது. கண் சாலையில் இருக்கும். கை மட்டும் பக்கத்து சீட்டில் இருக்கும் பாக்கெட்டுக்குப் போகும், வாய்க்கு வரும், மறுபடி போகும். விரல் பாக்கெட்டின் அடியைத் தொடும்போதுதான் காலியானது தெரியும். 250 கிராம் கடலை பாக்கெட் இப்படி ஒரே நாளில் போனால் 1,400 கலோரிக்கு மேல். சாப்பிட்டதாக நினைவும் இருக்காது, வயிறு நிறைந்ததாகவும் தோன்றாது. தூக்கக் கலக்கத்துக்குக் கொறிப்பது மருந்தல்ல, அது கலக்கத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும் என்பதால் நீங்கள் எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்தவுடன் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். நடுப்பகலுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு வரையும், பின்னிரவில் அதே நேரமும் உடல் தானாகவே சோர்ந்து இறங்கும். பெரிய சாப்பாட்டை முடித்துவிட்டு அந்த நேரத்தில் ஓட்டுவதுபோல் அட்டவணை போடாதீர்கள்.

ஓட்டும்போது கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கட்டும். உணவுப் பெட்டி சீட்டுக்குப் பின்னால். எடுக்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக் போட்டு எழுந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. கொட்டைகளை வீட்டிலேயே 30 கிராம் பொட்டலங்களாகக் கட்டிவிடுங்கள். பெரிய பாக்கெட் கேபினுக்குள் ஏறவே கூடாது.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பது உங்களிடம் குளிர்பெட்டி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இல்லையென்றாலும் கெடாத பொருள்கள் நிறைய உண்டு: வறுத்த கடலை, கொட்டைகள், ஓட்ஸ், பால்பவுடர், டப்பாவில் அடைத்த மீன், ஆப்பிள், ஆரஞ்சு, கேரட், வெள்ளரி. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வேகவைத்த முட்டைக்கும் இதே கணக்கு. வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் டயட்டும் போகும், டிரிப்பும் போகும்.

குளிர்பெட்டி வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். விலை குறைந்த, கம்ப்ரசர் இல்லாத வகை, வெளி வெப்பத்தைவிடப் பதினைந்து இருபது டிகிரிதான் குறைக்கும். கேபின் 40 டிகிரியில் கொதித்தால் பெட்டிக்குள் 20, 25 இருக்கும். தொட்டால் சில்லென்றிருக்கும், ஆனால் கிருமி வளர அது வசதியான சூடு. சமைத்த உணவுக்கு 5 டிகிரிக்குக் கீழே வேண்டும். அதற்கு கம்ப்ரசர் உள்ளதுதான் சரி. தனியாள் ஒருவருக்கு 25, 30 லிட்டர் போதும். உள்ளே சின்ன வெப்பமானி ஒன்றைப் போட்டு வையுங்கள். இரண்டாவது, வோல்ட். பெரிய லாரிகளில் பல 24 வோல்ட். கடையில் கிடைக்கும் சின்னச் சூடாக்கும் டப்பாக்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அதை 24 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் அன்றைக்கே கருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பின்பக்க லேபிளில் 12/24 என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். பேட்டரி இறங்கினால் தானாக நின்றுவிடும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூடிய கேபினுக்குள் கேஸ் அடுப்பு மட்டும் பற்றவைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

கடையில் சாப்பிடும் நாள்களுக்கு மூன்று பழக்கம் போதும். உட்கார்ந்தவுடன் காய்கறியோ சூப்போ முதலில் வரச் சொல்லுங்கள்; சோறும் ரொட்டியும் பிறகு. குழம்பைத் தட்டில் ஊற்றவிடாமல் தனிக் கிண்ணத்தில் வாங்குங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை ஒரு ஓரமாக ஒதுக்கினாலே ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி மிச்சம். வறுத்ததற்குப் பதில் சுட்டது, வேகவைத்தது. ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிற இடங்களைக் கொஞ்ச நாளைக்குத் தவிர்த்துவிடுங்கள். பசியோடு வரும் ஓட்டுநருக்கு அது சரியான இடம் இல்லை.

இரவில் ஓட்டும் நாள்களில் அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள். கிளம்புவதற்கு முன் சாயங்காலத்தில் பெரிய சாப்பாடு, நள்ளிரவுக்கு முன் சிறிய உணவு, பின்னிரவில் தண்ணீர் மட்டும். விடிந்து படுப்பதற்கு முன் ரொட்டி, முட்டை மாதிரி லேசாக ஏதாவது. பின்னிரவில் உண்ணும் மாவுச்சத்தை உடல் சரியாகக் கையாளாது. அதே தட்டுச் சோறு பகலில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையை அதிகம் ஏற்றும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்குமே என்று ஓட்டுநர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது சர்வ சாதாரணம். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், தலைவலி எல்லாம் அதில்தான் ஆரம்பிக்கும். எழுந்ததும் அரை லிட்டர், பிறகு மணிக்கு ஒரு டம்ளர், படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் குறைத்துவிடுங்கள். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதுமானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்க வேண்டியிருந்தால் அது நல்லதுதான். தொடர்ந்து உட்கார்ந்தே இருப்பதால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்கிறீர்கள். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லப்போவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே 17 மீட்டர் நீளத்தில் ஒரு நடைபாதை இருக்கிறது. லாரியும் டிரெய்லருமாக அந்த நீளம் இருந்தால், ஒரு மீட்டர் தள்ளி அதைச் சுற்றி வர ஒரு சுற்றுக்கு 47 மீட்டர். 21 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர்; பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். முதல் இரண்டு சுற்றில் டயர், விளக்கு, கயிறு, தார்ப்பாய் எல்லாம் பார்த்துவிடலாம், அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தடவை, வண்டியை நிறுத்தியதும் ஒரு தடவை. சாப்பிட்ட பின் நடக்கும் பத்து நிமிடம் சர்க்கரை ஏறுவதைக் கணிசமாகத் தடுக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் உங்களுக்கு மற்ற இரண்டையும்விட மதிய நடைதான் முக்கியம். லோடு ஏற்றவோ இறக்கவோ காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் போனோடு சீட்டில் சாய்வதற்குப் பதில் பாதி நேரம் இறங்கி நடக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி மட்டும் நடக்காதீர்கள். வண்டிகள் திரும்பும் யார்டில் ஒளிரும் மேல்சட்டை போட்டுக்கொண்டு வெளிச்சமுள்ள பக்கமாக நடங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: உங்கள் எடையில் அரை மணி நேர நடை எரிப்பது 130, 150 கலோரிதான். இரண்டு கூல் டிரிங்ஸை நடந்தே கரைக்க வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். எடை குறைவதில் பெரும்பங்கு சாப்பாட்டில்தான். நடை சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும், இறங்கிய எடை திரும்பாமல் இருப்பதற்கும்.

வாரத்தில் மூன்று நாள் பன்னிரண்டு நிமிடம் தசைக்குக் கொடுங்கள். பம்பரில் கை ஊன்றிச் சாய்ந்து பத்து தண்டால், கால்களை அகற்றி வைத்துப் பதினைந்து முறை பாதி உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டையை உறுதியான இரும்புக் கைப்பிடியில் சுற்றிப் பதினைந்து முறை பின்னால் இழுப்பது. மூன்றையும் மூன்று சுற்று. கண்ணாடியைத் தாங்கும் கம்பியில் பட்டையை மாட்டாதீர்கள், பெயர்ந்து வரும். பல மணி நேரம் அதிர்வோடு உட்கார்ந்து இறங்கியவுடன் குனிந்து பாரம் தூக்குவதும் இந்தப் பயிற்சிகளைத் தொடங்குவதும் கூடாது. அந்த நேரத்தில் முதுகின் தசைநார்கள் தளர்ந்திருக்கும், பிடிப்பு வருவது அப்போதுதான். ஐந்து நிமிடம் நடந்த பிறகு எதையும் தொடுங்கள். கேபினிலிருந்து குதிக்கவும் வேண்டாம். முகம் வண்டியைப் பார்க்க, இரண்டு கையும் ஒரு காலுமோ, இரண்டு காலும் ஒரு கையுமோ எப்போதும் பிடிப்பில் இருக்க, படிப்படியாக இறங்குங்கள். 105 கிலோவைத் தாங்கும் மூட்டு இரண்டும் அதற்கு நன்றி சொல்லும்.

இப்போது குறட்டை. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். கழுத்தில் சேரும் கொழுப்பு தூக்கத்தில் தொண்டையை நெருக்கி மூச்சை நிறுத்தும். மூளை பதறி எழுப்பும். மறுபடி தூக்கம், மறுபடி நிறுத்தம். காலையில் உங்களுக்கு ஒன்றுமே நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் பகலில் கண் சொக்கும், பிரஷர் மாத்திரைக்கு அடங்காது, பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் எந்த டயட்டும் பாதி பலன்தான் தரும். வீட்டில் இருக்கும் நாளில் இரண்டு காரியம் செய்யுங்கள். டேப்பால் கழுத்தைச் சுற்றி அளந்து பாருங்கள், 43 செ.மீ.-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு ராத்திரி உங்கள் மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள்: குறட்டை திடீரென்று நின்று, பத்து விநாடி போல அமைதியாகி, பிறகு மூச்சுத் திணறலோடு தொடங்குகிறதா? அப்படியென்றால் அடுத்த டிரிப்புக்கு முன்பே டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். விரலிலும் மூக்கிலும் கருவியை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓர் இரவில் செய்துகொள்ளும் வகையும் உண்டு. மூச்சுக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் இயந்திரம் தேவைப்பட்டால், வண்டியின் மின்சாரத்தில் இயங்க அடாப்டர் கிடைக்கும். வேலைக்குப் பாதகம் வருமோ என்று பயந்து இதை மறைப்பவர்கள் உண்டு. மறைத்து ஓட்டுவதுதான் உயிருக்கும் வேலைக்கும் பெரிய ஆபத்து.

தூக்கத்துக்காக இன்னொன்று: காபி, டீயின் கபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் கடைசி டீ முடிந்துவிட வேண்டும்.

எடை இறங்கும்போது பிரஷரும் இறங்கும். அதே மாத்திரை அப்போது அதிகமாகிவிடும். கேபினிலிருந்து இறங்கியதும் தலை கிறுகிறுத்தாலோ, மேல் அளவு 100-க்குக் கீழே காட்டினாலோ டாக்டரை அழைத்துப் பேசுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் மாத்திரையில் சிறுநீரை அதிகப்படுத்தும் மருந்து இருந்தால் எந்த நேரத்தில் போட்டால் ஓட்டுவதற்கு வசதி என்றும் அவரிடமே கேளுங்கள். அதற்காகவே மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் அதிகம். இதே பதிலைச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் வேறு ஓட்டுநர்கள் படித்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் அளவைச் சரிசெய்யாமல் சாப்பாட்டைக் குறைத்தால் ஸ்டியரிங்கிலேயே சர்க்கரை இறங்கிவிடும். அவர்கள் கிளம்புவதற்கு முன்பும் வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சோதித்து, 90-க்கு மேல் இருந்தால்தான் ஓட்ட வேண்டும்.

கொழுப்பைக் கரைப்பதாக விற்கும் மாத்திரைகளும் பொடிகளும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அவற்றில் பல இதயத் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும் தூண்டிகள். பேதி மருந்தில் இறங்குவது தண்ணீர் மட்டுமே. எடை குறைக்க டாக்டர் பரிந்துரைக்கும், வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் வேறு விஷயம், சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன. ஆனால் ஆரம்ப வாரங்களில் குமட்டல், வாந்தி வரலாம் என்பதால் முதல் ஊசியும் ஒவ்வொரு முறை அளவு கூட்டுவதும் வீட்டில் இருக்கும் நாளில் நடக்கட்டும். வெயிலில் நிற்கும் கேபினில் அந்த மருந்தை வைத்தால் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும்.

வழியில் எடை பார்க்காதீர்கள். சரக்கு எடைமேடையில் ஏறி நின்று பார்ப்பவர்களும் உண்டு. அது 10, 20 கிலோ துல்லியத்துக்குச் செய்தது. ஒரு நாள் உப்பு அதிகமானால் மறுநாள் ஒரு கிலோ கூடித் தெரியும், அதைப் பார்த்து மனம் விட்டுப்போகும். வீட்டில் ஒரே எடைக்கருவியில், வந்த இரண்டாம் நாள் காலை, கழிப்பறை போய் வந்த பின் பாருங்கள். வழியில் டேப் ஒன்று வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள். உங்கள் உயரத்துக்கு இடுப்பு 86 செ.மீ.-க்குக் கீழே வருவது கடைசி இலக்கு. இப்போதைக்கு மாதத்துக்கு இரண்டு செ.மீ. குறைந்தால் சரியான பாதை. இரண்டு டிரிப் முடிந்தும் இடுப்பு அசையவில்லையென்றால் மூன்று நாள் வாயில் போட்ட ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஓட்டை அதில் தெரிந்துவிடும், பெரும்பாலும் ஏதோ ஒரு பானத்தில்தான் இருக்கும்.

வீட்டில் இருக்கும் நான்கைந்து நாள் எப்படி என்று கேட்கத் தோன்றும். ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கள், மதியத்தில் சாப்பிடுங்கள், நடையை விடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மட்டும் எனக்குக் கொடுங்கள். அன்றைக்கு இரண்டு பேருமாகச் சமைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, 300 கிராம் வீதம் பைகளில் போட்டு, விரல் தடிமனுக்குத் தட்டையாக்கி உறையவையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் சூடாகும், அடுக்கவும் வசதி. முதல் இரண்டு நாள் அவையே பெட்டிக்கு ஐஸாகவும் இருக்கும். எட்டுப் பை போதும், நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், சாப்பிடும்போது நடுவில் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். கொட்டைப் பொட்டலங்கள் இருபத்தொன்று, பழம் ஐந்து நாளுக்கு, ஓட்ஸ், டப்பா மீன், பால்பவுடர், தண்ணீர் பாட்டில் இரண்டு. பிஸ்கட்டும் சர்க்கரை டப்பாவும் வீட்டிலேயே இருக்கட்டும். ஐந்தாம் நாள் பெரிய ஊரில் நிற்கும்போது, சாப்பிட்ட பிறகு கடைக்குப் போய்ப் பழத்தையும் முட்டையையும் தயிரையும் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.